வீட்டுக்குள் வந்த காட்டுச் செடிகள்



கொஞ்சம் நீளமான பதிவு. பால் காய வைத்துவிட்டுப் படிக்க உட்காராதீர்கள்.

இந்த ஒரு மாதத்தில் மட்டும் ஏழெட்டுப் பேர் செடி போட்டோ அனுப்பிவிட்டீர்கள். "டீச்சர், இலை மஞ்சளாகுது." "டீச்சர், ஆன்லைன்ல வாங்கினேன், பத்தே நாள்ல அழுகிருச்சு." "அத்தை, தண்ணி தினம் ஊத்துறேன், ஆனாலும் வாடுது." சென்னை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று எல்லா ஊரிலிருந்தும் ஒரே கேள்விதான். தனித்தனியாகப் பதில் எழுதி விரல் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதுகிறேன். வைத்தியத்தை மட்டும் சொன்னால் நாளைக்கு வேறு செடி வாங்கி அதற்கும் போட்டோ அனுப்புவீர்கள். அந்தச் செடிகள் எங்கிருந்து வந்தன, எப்படி வீட்டுக்குள் நுழைந்தன என்ற கதையைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் ஒன்று. வீட்டுக்குள் வளர்வதற்கென்று கடவுள் எந்தச் செடியையும் படைக்கவில்லை. நர்சரிக்காரர் 'இண்டோர் பிளாண்ட்' என்று எழுதி வைத்திருக்கும் செடிகளில் பெரும்பாலானவை பெரிய மரங்களுக்கு அடியில், காட்டு நிழலில் பிறந்தவை. வேறு சில வறண்ட நிலத்துச் செடிகள். நிழலில் பிறந்தது கொஞ்ச வெளிச்சத்தில் பிழைத்துக்கொள்ளும். வறட்சியில் பிறந்தது நீங்கள் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

நிழலில் விவசாயம் செய்வது எப்படி என்று நம்ம ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொட்டிபுரம் என்றால் வெளியுலகத்துக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். நமக்கு ஏலத்தோட்டம். விடியுமுன் ஜீப்பில் அடைந்துகொண்டு போடிமெட்டு ஏறிப் போனவர்களின் பிள்ளைகள்தானே நாம். என் அப்பா மேலே ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதினார். பள்ளி விடுமுறைக்கு நான் போய்த் தங்குவேன். ஏலத்தோட்டத்துக்குள் நின்று மேலே பார்த்தால் வானம் துண்டு துண்டாகத்தான் தெரியும். ஏலச்செடிக்கு முழு வெயில் ஆகாது, இலை கருகும். முழு இருட்டும் ஆகாது, சரம் வைக்காது. அதனால்தான் மழைக்காலத்துக்கு முன்பே மரம் ஏறி நிழல் கவாத்து செய்வார்கள். எந்தக் கிளையை எடுப்பது, எதை விடுவது என்பதில் ஒரு கணக்கு இருக்கும். அந்த ஆட்கள் யாரும் லக்ஸ் மீட்டர் வைத்திருக்கவில்லை. தரையில் விழும் வெயில் பொட்டுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

கீழே வந்தால் சின்னமனூர் கொடிக்கால். அகத்தியை நெருக்கமாக வளர்த்து, அதன் நிழலில் வெற்றிலைக் கொடியைப் படரவிடுவது. உள்ளே நுழைந்தால் வெளியே இருக்கும் தேனி வெயில் மறந்துபோகும். நிழலையும் ஈரத்தையும் கையால் உண்டாக்கிக் கொடுத்து ஒரு காட்டுக் கொடியைச் சமவெளியில் வாழவைத்த வேலை அது. நம் கொடிக்கால் விவசாயி எத்தனையோ தலைமுறையாகச் செய்துவந்ததைத்தான் ஐரோப்பியர்கள் பிற்பாடு கண்ணாடி வீடு கட்டிச் செய்தார்கள் என்பேன்.

ஆனால் நம் பாட்டிமார் வீட்டுக்குள் செடி வைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. வீட்டுக்கு நடுவிலேயே முற்றம் இருந்தது, அதில் துளசி மாடம். கொல்லையில் கிணற்றடித் தண்ணீர் போகும் வழியில் வாழையும் கருவேப்பிலையும். செடிக்கு வெயில் வேண்டும் என்று தெரிந்து அதை வெளியில் வைத்தார்கள். பிளாட் வீட்டு ஹாலில் துளசியை வைத்துவிட்டு "ஏன் டீச்சர் பட்டுப்போகுது, ஏதாவது தோஷமா?" என்று ஒருத்தி கேட்டாள். தோஷமெல்லாம் இல்லை, தாயி. அது வெயில் செடி. பால்கனிக் கம்பி ஓரத்துக்குக் கொண்டுபோ, சரியாகிவிடும்.

வீட்டுக்குள் செடி வைக்கும் பழக்கம் பெருவாரியாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். குளிரும் புகையும் நிறைந்த ஊரில் முற்றத்துக்கு எங்கே போவது? அங்கே ஒரு டாக்டர் இருந்தார், நதானியேல் வார்ட் என்று பெயர். லண்டனின் கிழக்குப் பகுதியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். செடிப் பைத்தியம். ஆனால் நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்தில் எதுவும் உருப்படவில்லை. 1829ல் ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடிவைத்தார். பூச்சி எப்போது வரும் என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தபோது மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே செத்துப்போகும் பெரணி, மூடிய புட்டிக்குள் ஏறக்குறைய 4 வருடம் உயிரோடு இருந்தது. தண்ணீரே ஊற்றவில்லை.

அஞ்சாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண்ணும் ஒரு சிறு செடியும் வைத்து மூடி, ஜன்னலில் வைத்து, நீர்ச்சுழற்சி நடத்துவேனே, அது இதுதான். பகலில் ஆவியாகி, கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்து, மறுபடி மண்ணுக்கே இறங்கும். நம்மில் யாருக்கும் அப்போது வார்டின் பெயர் தெரியாது.

வார்ட் அதோடு விடவில்லை. 1833ல் இதே முறையில் கண்ணாடிப் பெட்டி செய்து, செடிகளை வைத்துக் கப்பலில் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கான பயணம், உப்புக்காற்று, வெயில், குடிநீர்ப் பஞ்சம். அதற்கு முன்பெல்லாம் கப்பலில் ஏற்றும் செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். இவர் செடிகள் பச்சையாகப் போய் இறங்கின. திரும்பிவரும்போது அந்த ஊர்ச் செடிகளை அதே பெட்டியில் வைத்து அனுப்பினார்கள், அவையும் பிழைத்தன. அப்புறம் உலகம் முழுக்கச் செடிகள் இடம் மாறத் தொடங்கின. சீனாவிலிருந்து ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் ஆயிரக்கணக்கான தேயிலைச் செடிகளை இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தது இந்தப் பெட்டியில்தான்.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்தப் பெட்டி வந்தது. நீலகிரிக்கு. ஊட்டி தாவரவியல் பூங்காவை 1848லிருந்து உருவாக்கியவர் கியூ தோட்டத்தில் பயின்ற மெக்ஐவர். அவரிடம் 1860ல் தென் அமெரிக்காவிலிருந்து சிங்கோனாக் கன்றுகள் வந்தன. மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மருந்து அந்த மரப்பட்டையில்தான் இருக்கிறது. கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவர் பெரு நாட்டு மலைகளில் உயிரைப் பணயம் வைத்துச் சேகரித்த கன்றுகள் அவை. செங்கடல் வழியாக வந்த வெக்கையில் வாடி, ஊட்டி வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. அடுத்த வருடம் வேறு ஆட்கள் ஈக்வடாரிலிருந்து அனுப்பிய கன்றுகள் பிழைத்தன, மெக்ஐவர் அவற்றைப் பெருக்கினார். பெரியாறு அணை கட்டிய காலத்தில் காய்ச்சலில் எத்தனை பேர் மடிந்தார்கள் என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் கொய்னா என்றால் உயிர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் ஆன்லைனில் வாங்கிய செடி பத்து நாளில் சாகிறதே, அதற்கும் மார்க்கத்தின் கன்றுகள் செத்ததற்கும் காரணம் ஒன்றுதான். அட்டைப்பெட்டிக்குள் இருட்டிலும் வெக்கையிலும் மூன்று நான்கு நாள் கிடந்து வருகிறது. வந்தவுடன் பெரிய தொட்டிக்கு மாற்றி, உரம் போட்டு, வெயிலில் வைத்தால் எப்படித் தாங்கும்? முதல் இரண்டு வாரம் நிழலில் சும்மா விடுங்கள். ஊர் மாறி வந்த பிள்ளையை முதல் நாளே பரீட்சை எழுதச் சொல்வோமா?

1845ல் இங்கிலாந்தில் கண்ணாடி வரியை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி மலிந்தது. பெரணி வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி நடுத்தர வீட்டு அலங்காரம் ஆனது. கொஞ்ச நாளில் அது வெறியாகவே மாறியது. 1855ல் சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் அதற்குப் 'பெரணிப் பித்து' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். கூடை கூடையாகப் பறித்து விற்றதில் சில அரிய பெரணிகள் அவர்கள் காடுகளில் காணாமலே போகும் நிலைக்கு வந்தன. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் கேஸ் விளக்கு. அந்தப் புகையில் பல செடிகள் செத்தன. ஜப்பானிலிருந்து வந்த ஆஸ்பிடிஸ்ட்ரா என்ற ஒன்று மட்டும் எதற்கும் அசையவில்லை. 'வார்ப்பிரும்புச் செடி' என்றே அழைத்தார்கள். இன்னொன்று ரப்பர் செடி. தடித்துப் பளபளக்கும் இலையோடு இன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்களே, அது நம் நாட்டுச் செடி. அசாம், மேகாலயா பக்கத்து ஆலமர இனம். அங்கே அதன் விழுதுகளை ஆற்றின் குறுக்கே வளர்த்து உயிருள்ள பாலமாக்கி நடக்கிறார்கள். அதைத்தான் சீமைக்குக் கொண்டுபோய், தொட்டியில் குறுக்கி, நமக்கே ஃபேஷன் என்று திருப்பித் தந்திருக்கிறார்கள்.

நம் பக்கம் முதலில் வந்தது குரோட்டன்ஸ். மலுக்கா தீவுகள், நியூகினியா பக்கத்துச் செடி. துரைமார் பங்களா, கலெக்டர் ஆபீஸ், பிறகு பள்ளிக்கூட வராந்தா. காவி அடித்த சிமெண்ட் தொட்டியில் வரிசையாக நிற்கும். ஆய்வாளர் வரும் நாளில் இலைகளை ஈரத்துணியால் துடைத்துவைப்போம். சென்னையில் 1835லேயே ராபர்ட் வைட் முயற்சியில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கி வெளிநாட்டுச் செடிகளைப் பரப்பியது. ஊர்ப்புறத்துக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. டால்டா டப்பாவில் ஓட்டை போட்டுச் செடி வைத்த காலம் எனக்குத் தெரியும்.

அப்புறம் வந்தது மணி பிளாண்ட். திருடி வைத்தால்தான் வளரும் என்று சொல்லி எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுக் கொடியை இன்னொருவர் ஒடித்து, கடைசியில் எல்லார் வீட்டிலும் ஒரே கொடிதான் இருந்தது! இதன் பூர்வீகம் பசிபிக் கடலில் மொரேயா என்ற சின்னத் தீவு. பூப்பது மிக மிக அபூர்வம், பூக்கத் தேவையான சுரப்பை உண்டாக்கும் மரபணு அதில் சரியாக வேலை செய்யவில்லை என்று 2016ல் கண்டுபிடித்தார்கள். விதையே இல்லாமல், கணுவைக் கிள்ளிக் கிள்ளி மனிதர்களே உலகம் முழுக்கப் பரப்பிய கொடி இது. கணு இல்லாமல் வெறும் இலைக்காம்பைத் தண்ணீரில் வைத்தால் வேர் வந்தாலும் கொடி வராது, திருடினாலும் வராது.

இங்கிலீஷில் மணி பிளாண்டைப் 'பொத்தோஸ்' என்கிறார்கள். அந்தப் பெயர் இலங்கையிலிருந்து போனது. சிங்களப் பெயர் ஒன்றிலிருந்து லின்னேயஸ் எடுத்துக்கொண்டார். உண்மையான பொத்தோஸ் நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களில் ஏறுகிற கொடி. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகமாக அச்சான 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலில் 'ஆனைப்பருவா' என்று மலையாளப் பெயரோடு அதன் படம் இருக்கிறது. பெயர் நம் மலைச் செடியுடையது, அதைச் சுமப்பது தீவுச் செடி.

இப்போது ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

சென்னையில் என் தங்கை பேத்தி, ஒன்றரை வயது. ஹாலில் வைத்திருந்த செடியின் இலையைக் கடித்துவிட்டாள். நாக்கும் உதடும் வீங்கி, அழக்கூட முடியாமல் எச்சில் வடிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி. கடவுள் புண்ணியத்தில் பிள்ளை நன்றாக இருக்கிறாள். செடியின் பெயர் டைஃபன்பேக்கியா. பச்சையில் வெள்ளைத் திட்டுப் போட்ட பெரிய இலை, உங்களில் பத்துப் பேர் வீட்டிலாவது இருக்கும். வியன்னா அரண்மனைத் தோட்டக்காரர் டைஃபன்பாக் பெயரால் வைத்த நாகரிகப் பெயர் அது. அதன் பழைய பெயர் 'ஊமைக் கரும்பு'. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்ட அடிமைகளைத் தண்டிக்க இதைக் கடிக்கவைத்தார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வாய் வீங்கிப் பேச்சு வராது. அப்படிப்பட்ட வரலாறு உள்ள செடியைச் சிரித்த முகத்தோடு 'பிகினர்ஸ் பிளாண்ட்' என்று விற்கிறார்கள்.

இதில் பயப்படப் புதிதாக ஒன்றும் இல்லை. சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, சேப்பங்கிழங்கைப் புளி விடாமல் சமைத்தால் தொண்டை கரகரக்கிறதே, அதே சமாசாரம்தான். கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி ஊசியான படிகங்கள். மணி பிளாண்ட், டைஃபன்பேக்கியா, மான்ஸ்டெரா, ஃபிலோடெண்ட்ரான், சிங்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி, ஆந்தூரியம், இசட்இசட் செடி எல்லாமே நம் சேம்பின் சொந்தக்காரர்கள். ஒரே குடும்பம். நர்சரியில் நிழல் செடி வரிசையில் பாதி இந்தக் குடும்பம்தான். தவழும் பிள்ளையோ பூனை, நாயோ இருக்கிற வீட்டில் இவற்றைக் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். டைஃபன்பேக்கியாவை மட்டும் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வரை வாங்கவே வாங்காதீர்கள். வெட்டினால் கையைக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

இன்னொரு பாதிக்கு வருவோம், வறண்ட நிலத்துச் செடிகள். ஸ்னேக் பிளாண்ட் என்று ஆசையாக வாங்குகிறீர்கள். மேற்கு ஆப்பிரிக்காக்காரன். அதன் சித்தப்பா மகன் நம் ஊர் வேலியோரத்து மருள். அதே கத்தி இலை, அதே வரி. வில்லுக்கு நாண் திரிக்கும் அளவுக்கு உறுதியான நார் அதில் உண்டு. கரட்டு ஓரம் யாரும் தண்ணீர் ஊற்றாமல் கிடக்கிற செடியின் பங்காளிக்கு நீங்கள் தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் அழுகாமல் என்ன செய்யும்? இசட்இசட் செடி கிழக்கு ஆப்பிரிக்கா. 1990களில் ஹாலந்து நர்சரிகள் அதைப் பெருக்கி உலகம் முழுக்க அனுப்பின. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு வைத்து அதில் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கிறது. நம் பொள்ளாச்சி தேங்காய்நார்க் கழிவு கப்பலேறிப் போவதும் அந்த மாதிரி நர்சரிகளுக்குத்தான்.

'இந்தச் செடி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகும், நாசா சொல்லிவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையும் சொல்லிவிடுகிறேன். நாசாவின் 1989 அறிக்கை உண்மை. ஆனால் அந்தச் சோதனை காற்றுப் புகாத சின்ன அறைப்பெட்டிக்குள் நடந்தது. 2019ல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தார் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஜன்னல் வழியாகச் சாதாரணமாக வரும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை வேண்டுமாம். நாம் எங்கே படுப்பது? ஜன்னலைத் திறந்துவையுங்கள். செடியைக் கண்ணுக்கு அழகு என்று வையுங்கள், அது போதாதா?

சரி, வளர்ப்புக்கு வருகிறேன். வெட்டவெளியில் நண்பகல் வெளிச்சம் ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். உங்கள் ஹாலின் உட்பக்கத்தில் சில நூறுதான். நம் கண் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரிவதில்லை. செடி வைக்கப்போகும் இடத்தில் பகலில் விளக்குப் போடாமல் தினத்தந்தி படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அங்கே எந்தச் செடியும் நிலைக்காது. கையை நீட்டினால் மங்கலாக நிழல் விழும் இடம் சேம்புக் குடும்பத்துக்கு ஏற்றது. கிழக்கு ஜன்னல் உத்தமம், மேற்கு ஜன்னல் வெயில் கண்ணாடி வழியாக இலையைப் பொசுக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஏலத்தோட்டக்காரர்களைக் கேளுங்கள். அவர்கள் பயப்படுவது அழுகலுக்கு. மழை நின்று பெய்து, தூரில் தண்ணீர் தேங்கினால் ஒரே வாரத்தில் தட்டை சாயும். மண்ணில் வாழும் பித்தியம் மாதிரியான பூஞ்சைகள் செய்கிற வேலை. தொட்டியில் நடப்பதும் அதே. வேர் அழுகினால் செடியால் தண்ணீர் குடிக்க முடியாது, இலை தொங்கும். தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறீர்கள். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். அடியில் ஓட்டை இல்லாத பீங்கான் தொட்டி அழகாக இருக்கும், செடிக்கு அது கிணறு. செம்மண், மணல், மக்கிய தொழு உரம், கொஞ்சம் நார்க்கழிவு, இவ்வளவு போதும். ஏசி அறையில் இருப்பவர்கள் செடியைக் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். துபாயில் இருப்பவர்கள் சொன்ன மாதிரி ஸ்பைடர் பிளாண்டின் நுனி கருகினால் பெரும்பாலும் தண்ணீரில் உள்ள உப்பு. பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கரைத்துத் துணியால் துடையுங்கள்.

பெங்களூருவில் இருக்கிற என் மருமகள் ஏலச்செடியைத் தொட்டியில் வைத்திருக்கிறாள். காய்க்காது. ஆனால் இலையைக் கசக்கினால் வாசம் வரும். ஐரோப்பாவிலும் இலை வாசத்துக்காகவே இதை வீட்டில் வைப்பவர்கள் உண்டு. குளிர்ந்த ஊர்களில் இருப்பவர்கள் முயன்று பாருங்கள். சென்னை, மதுரை வெக்கையில் வேண்டாம், அங்கே வெற்றிலைக் கொடி வையுங்கள்.

பெரணிப் பித்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? விடுமுறைக்கு ஊருக்கு வந்து, போடிமெட்டு, குரங்கணி, டாப் ஸ்டேஷன் என்று சுற்றிவிட்டுத் திரும்பும்போது சிலர் காரில் பாசி, பெரணி, மரத்தில் ஒட்டியிருந்த ஆர்க்கிட் என்று பெயர்த்து எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். போட்டோவும் போடுகிறீர்கள். வழியோரம் விற்பதையும் வாங்குகிறீர்கள். அந்த ஆர்க்கிட் மேகத்தில் நனைந்து வாழ்ந்தது, உங்கள் ஏழாவது மாடியில் ஒரு கோடை தாண்டாது. காப்புக் காட்டிலிருந்து செடி எடுப்பது 1882 வனச்சட்டம் வந்த நாளிலிருந்தே குற்றம், வனத்துறைக்காரர் பிடித்தால் "டீச்சர் ஸ்டூடண்ட்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நிழல் மரங்கள் வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டு வருவதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். மரம் போனால் அதில் ஒட்டியிருப்பதும் போகும். மிச்சமிருப்பதையாவது நாம் கை வைக்காமல் விடலாம். நர்சரியில் பதியம் போட்டு வளர்த்த ஆர்க்கிட் இருநூறு முந்நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது, அதை வாங்குங்கள். பழைய செடியை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பும்போது இலையை மட்டும் எடுக்காமல் தொட்டி, அடித்தட்டு, பக்கத்து ஜன்னல் மூன்றும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள். இசட்இசட் வாங்கியவர்கள் இந்த மாதம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்றால் அடுத்த மாதம் வரை அதன் பக்கமே போகாதீர்கள்.